ஆகஸ்டில் ஏன் கதவு இறுகுகிறது?

தில்லியில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தச்சர்களின் கைபேசி ஓயாது. குளியலறைக் கதவு சாத்த மறுக்கிறது. அலமாரியின் இழுப்பறை பாதி தூரம் வந்து முரண்டு பிடிக்கிறது. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் அதன் ஓட்டைக்கு நேராக நிற்பதில்லை. தச்சர் வந்து ரந்தாவை எடுக்கிறார். இழைப்புளிக்கு இங்கே அதுதான் பெயர். கதவின் விளிம்பில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த மே மாதம் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு நாணயம் சுலபமாக நுழைகிறது. அந்த மாதத்திலேயே ஏதோ ஓர் இரவில் கூடத்து மேசையிலிருந்து ‘படக்’ என்று சத்தம் கேட்கிறது. விடிந்து பார்த்தால் பலகையின் முனையில் ஒரு விரிசல்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் இருக்கின்றன. தச்சர் பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்பது ஒன்று. வெயிலில் மரம் விரியும், குளிரில் சுருங்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதை உடனே தள்ளிவிடலாம். அது சரியென்றால் 44 டிகிரி கொளுத்தும் மே மாதத்தில்தான் கதவு இறுக வேண்டும்; நடப்பதோ நேர்மாறு. சூட்டில் மரம் விரியவே விரியாது என்றில்லை. 75 சென்டிமீட்டர் அகலமுள்ள மேசைப் பலகை 20 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். ஆனால் அதே பலகை கோடைக்கும் மழைக்காலத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரை மாற இடமுண்டு. இருபது மடங்கு பெரிய இந்த மாற்றத்தைச் செய்வது தண்ணீர்.

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்ணிய குழாய்களின் தொகுதி. அந்தக் குழாய்கள் உயிரணுக்களின் சுவர்கள். உள்ளே இருந்த உயிர் எப்போதோ போய்விட்டது. மரத்திலுள்ள தண்ணீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. குழாயின் பொந்துக்குள் சும்மா நிற்பது ஒன்று. அதைத் தனிநீர் என்று வைத்துக்கொள்வோம். சுவருக்குள்ளேயே ஊடுருவி, அதன் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று, அது பிணைநீர். வெட்டிய மரம் காயும்போது முதலில் வெளியேறுவது தனிநீர். அப்போது மரத்தின் எடை குறைகிறதே தவிர, அளவு மாறுவதில்லை. பொந்து காலியானால் சுவருக்கு என்ன? தனிநீர் முழுக்கத் தீர்ந்து, பிணைநீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. இந்த எல்லைக்கு நார் நிறைவுநிலை என்று பெயர் வைக்கலாம். பெரும்பாலான மரங்களில் அது 28 முதல் 30 சதவீத ஈரத்தில் இருக்கிறது.

சதவீதம் என்றால் எதில் சதவீதம்? ஒரு சிறு துண்டை வெட்டி எடைபோடுகிறார்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலைவரை உலர்த்தி, மறுபடி எடைபோடுகிறார்கள். போன தண்ணீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் ஈரச் சதவீதம். 100 கிராம் உலர்மரத்தோடு 12 கிராம் தண்ணீர் இருந்தால் 12 சதவீதம். உலகெங்கும் மர ஆய்வுக்கூடங்கள் இன்றும் கடைசியில் நம்புவது இந்த எளிய சோதனையைத்தான். கடைகளில் கிடைக்கும் மின் ஈரமானி மரத்தின் மின்தடையை அளந்து சொல்வது ஓர் ஊகம். அந்த ஊகம் சரியா என்று பார்ப்பதற்கும் அடுப்புதான் வேண்டும்.

நார் நிறைவுநிலை என்று ஓர் எல்லை இருப்பதை அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த ஹாரி டீமன் 1906-இல் எடுத்துக்காட்டினார். வெவ்வேறு ஈரத்திலுள்ள மரத்துண்டுகளை இயந்திரத்தில் நசுக்கியும் வளைத்தும் அவற்றின் வலிமையை அளந்தார். நல்ல ஈரமரத்திலிருந்து தொடங்கி உலர்த்திக்கொண்டே வந்தால் வெகுநேரம் வலிமையில் மாற்றமே இல்லை. ஒரு கட்டம் தாண்டியதும் அது மளமளவென்று ஏறத் தொடங்குகிறது. கோடு திடீரென்று திரும்பும் அந்த இடத்தில் மரத்துக்குள் ஏதோ மாறுகிறது என்பது தெளிவாயிற்று. சுவரைத் தொடாமல் இருந்த உலர்தல் அங்கேதான் சுவருக்குள் நுழைகிறது.

சரி, சுவருக்குள் தண்ணீர் புகுந்தால் மரம் ஏன் அகலவாக்கில் மட்டும் பருக்கிறது? ஒரு தேக்குப் பலகையின் நீளத்தை மே மாதத்திலும் ஆகஸ்டிலும் அளந்து பாருங்கள். 2 மீட்டர் பலகையில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே அதிகம். அகலத்தில் மட்டும் இந்தக் கூத்து ஏன்?

ஈர்க்குத் துடைப்பக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகளுக்கு நடுவே இன்னும் நாலு ஈர்க்குகளைச் செருகினால் கட்டு பருக்கும், நீளாது. உயிரணுச் சுவரும் இப்படித்தான். அதில் செல்லுலோஸ் என்ற பொருளின் நுண்ணிழைகள் ஏறக்குறைய மரத்தின் நீளவாக்கிலேயே, லேசான சாய்வோடு சுற்றிச் சுற்றிப் போகின்றன. ஓர் இழையின் தடிப்பு சுமார் 3 நானோமீட்டர். மூன்று லட்சம் இழைகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். தண்ணீர் மூலக்கூறுகள் இழைக்குள்ளே புக முடியாது, இழைகளுக்கு நடுவே புகுகின்றன. இழைகள் விலகுகின்றன, சுவர் பருக்கிறது, நீளம் அப்படியே நிற்கிறது.

கண்ணுக்கே தெரியாத இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்தது? ஊடுகதிரால். ஜப்பானிய இயற்பியலாளர் ஷோஜி நிஷிகாவா 1913-இல் ஓனோ என்பவரோடு சேர்ந்து மூங்கில் போன்ற நார்ப்பொருள்களின் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார். படத்தகட்டில் ஒழுங்கான புள்ளிகளும் விற்களும் விழுந்தன. தாறுமாறாகக் கிடக்கும் பொருள் அப்படி விழச் செய்யாது. உள்ளே அணுக்கள் ஒரு திசை பார்த்து அடுக்கப்பட்டிருந்தால்தான் அது நடக்கும். இன்று அதே முறையில் இழைகளின் சாய்வுக்கோணத்தையே அளக்கிறார்கள். சாய்வு குறைவாக இருக்கும் மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை எனலாம். கிளைகளிலும் சாய்ந்து வளர்ந்த மரங்களிலும் சாய்வு மாறுவதால் அந்தப் பலகைகள் நீளவாக்கிலும் கோணுகின்றன. கிளைமரத்தை நம்பி மேசை செய்யாதே என்று பழைய தச்சர்கள் சொல்வதற்கு இதுதான் உள்ளர்த்தம்.

அகலவாக்கிலும் எல்லாத் திசையும் ஒன்றல்ல. அறுத்த அடிமரத்தின் வட்ட முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போவது ஆரத்திசை. வளையங்களை ஒட்டியே சுற்றிப் போவது வளையத்திசை. பச்சைத் தேக்கு முழுக்க உலரும்போது ஆரத்திசையில் 2.5 சதவீதம் சுருங்குகிறது, வளையத்திசையில் 5.8 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்த் திசுக்கள் ஆரத்திசையில் இழுத்துப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். வளையத்திலுள்ள அடர்ந்த பகுதி தன் சுருக்கத்தை அக்கம்பக்கத்து மென்பகுதியின் மேல் திணிப்பது மற்றொன்று. தேக்கு உலகத்திலேயே அடக்கமான மரங்களில் ஒன்று. பல மரங்கள் இதைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு அசைகின்றன. தேக்குக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இந்த அடக்கத்துக்காகத்தான்.

வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு எண்களின் விளைவைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். தில்லியில் மொட்டைமாடி அறைக்குப் பர்சாத்தி என்று பெயர். என் பட்டறை அப்படி ஓர் அறையில் இருக்கிறது. மே மாதத்தில் கடைந்த உருண்டை மர ஆணியைச் செப்டம்பரில் விரல்களுக்கு நடுவே உருட்டினால் அது வட்டமாக இருப்பதில்லை. முட்டை வடிவம் வந்துவிடுகிறது. சதுரமாக இழைத்த கட்டையில் வளையங்கள் மூலைவாட்டாக ஓடினால், கட்டை சாய்சதுரமாகிறது. அதனால்தான் சொந்தமாக இழைப்புளி செய்கிறவர் ஷீஷம் கட்டையை வாங்கியதும் முதலில் அதன் முனையை வழவழப்பாகச் செதுக்கி, வளையம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார். இழைப்புளியின் அடித்தளத்துக்கு இணையாக வளையங்கள் படுத்திருக்கும்படி கட்டையை வைத்தால், இடமும் வலமும் ஒரே அளவில் பருத்துச் சுருங்கும், அடித்தளம் முறுக்கிக்கொள்ளாது. வளையம் சாய்ந்திருந்தால், மழைக்காலத்தில் இரும்பு அளவுகோலை அடித்தளத்தின் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே தெரியும்: ஒரு மூலையில் ஒளிக்கீற்று கசியும். காகிதத்தின் தடிப்புதான். ஆனால் இழைப்புளி சீவும் சுருளின் தடிப்பே அவ்வளவுதானே? மூலைமட்டத்தையும் கோடு கிழிக்கும் கத்கஷையும் மரத்தில் செய்துகொள்கிறவர்களுக்கும் இதே விதி. நீளவாக்கு நாரை நம்பலாம், அகலவாக்கை நம்பக்கூடாது.

இதுவரை மரத்துக்குள் நடப்பதைப் பார்த்தோம். இனி காற்று. மரம் காற்றிலுள்ள மொத்தத் தண்ணீரைப் பார்ப்பதில்லை. காற்று எவ்வளவு தாகத்தோடு இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. 42 டிகிரி வெயிலில் ஒரு கனமீட்டர் காற்றால் 56 கிராம் நீராவியைத் தாங்க முடியும். மே மாதப் பிற்பகலில் அதில் 11 கிராம் மட்டுமே இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதம். ஜனவரிக் காலையில் பனிமூட்டம் கவிந்திருக்கும்போது, 8 டிகிரி குளிரில், காற்று தாங்கக்கூடியதே 8 கிராம் சொச்சம்தான். அது முழுக்க நிறைந்திருப்பதால் ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதம். அதாவது உதடு வெடிக்கும் மே மாதப் பிற்பகலின் காற்றில், நனைந்தாற்போல் இருக்கும் ஜனவரிக் காலையைவிட அதிகத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் இன்னும் 45 கிராமுக்கு இடமிருப்பதால் அது கண்ட இடத்திலெல்லாம் தண்ணீரைப் பறிக்கிறது. மரத்திடமிருந்தும்தான்.

ஒவ்வோர் ஒப்பு ஈரப்பதத்துக்கும் மரம் இறுதியில் போய் நிற்கும் ஈரம் ஒன்று உண்டு; அதைச் சமநிலை ஈரம் எனலாம். காற்று 25 சதவீதத்தில் இருந்தால் மரம் 5 சதவீதத்தை நோக்கிப் போகும். காற்று 75-இல் இருந்தால் மரம் 14-ஐ நோக்கி ஏறும். தில்லியின் மே மாதப் பிற்பகலும் ஆகஸ்ட் மாதமும் ஏறக்குறைய இந்த இரண்டு முனைகள்தான். ஜூன் கடைசியில் பருவமழை எட்டிப் பார்த்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊரே தாவுகிறது. தட்டையாக அறுத்த தேக்குப் பலகையின் அகலம், ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் சுமார் 0.19 சதவீதம் மாறும். ஈரம் 8 சதவீதம் கூடினால் அகலம் ஒன்றரை சதவீதம் கூடும். 75 சென்டிமீட்டர் மேசையில் 11 மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் உயர இழுப்பறை முகப்பில் 3 மில்லிமீட்டர். மே மாதத்தில் நறுக்கென்று பொருத்திய இழுப்பறை ஆகஸ்டில் ஏன் அசைவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நடைமுறையில் மாற்றம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கனமான பலகை மெதுவாகத்தான் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். முனையை எட்டுவதற்குள் பருவம் மாறிவிடும்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வருகிற குடும்பங்கள் லாரியில் கொண்டுவரும் கட்டிலும் ஊஞ்சல் பலகையும் முதல் கோடையிலேயே வெடிப்பதற்கும் இதுவே காரணம். கடலோரச் சென்னையில் ஒப்பு ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 60-க்கும் 80-க்கும் இடையில் ஊசலாடுகிறது. அங்கே மரத்தின் ஈரம் 11-க்குக் கீழே இறங்குவதே அரிது. பல பத்தாண்டுகள் அந்த நிலையில் வாழ்ந்த பலகை முதல்முறையாக 6, 7 சதவீதத்துக்கு இறங்கும்போது, அதுவரை சோதிக்கப்படாத மூட்டுகள் சோதிக்கப்படுகின்றன. தாத்தா காலத்துத் தேக்கு, அதுகூடவா வெடிக்கும் என்று கேட்பார்கள். மரத்துக்கு வயதானால் பிணைநீரைக் கொள்ளும் குணம் போய்விடுவதில்லை.

பச்சை மரம் என்ற முதல் விளக்கத்துக்கு இப்போது வரலாம். ஈரம் வற்றாத மரத்தைப் போட்டால் கதவு கோணும் என்பது உண்மை. ஆனால் மரத்தைப் பதப்படுத்துவது என்றால் அதன் அசைவை நிரந்தரமாக நிறுத்துவது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. பதப்படுத்துவதால் மரம் நம் ஊர்க் காற்றுக்கு நடுத்தரமான ஈரத்துக்கு வந்து சேருகிறது; அதிலிருந்து மேலும் கீழும் அது வாழ்நாள் முழுக்க ஆடிக்கொண்டேயிருக்கும். இந்தியாவுக்கு இந்த அறிவு வெளியிலிருந்து மட்டும் வந்ததல்ல. டேராடூனின் வன ஆராய்ச்சி நிறுவனம் 1906-இல் தொடங்கப்பட்டது. டீமன் தன் முடிவை வெளியிட்ட அதே ஆண்டு. நம் நாட்டு மரங்களின் சுருக்கம், வலிமை, உலர்த்தும் முறை எல்லாம் அங்கே மரம் மரமாகச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ள மர அருங்காட்சியகத்தில் 700 வயதைத் தாண்டிய தேவதாரு மரத்தின் குறுக்கு வெட்டு ஒன்று இருக்கிறது. தில்லியிலிருந்து போகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, ஆரத்திசை எது, வளையத்திசை எது என்று விரலால் காற்றில் வரைந்து பார்க்க வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 287 என்ற தரவிதி, நாட்டை ஈரப்பதத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் கதவுக்கும் மேசைக்கும் மரம் எவ்வளவு ஈரத்தோடு இருக்கலாம் என்று சொல்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதி வைக்கப்பட்ட விஷயம் மேசை வாங்குகிறவர்களின் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எழுதியிருப்பதை நம்ப மாட்டேன் என்கிறவர்கள் வீட்டிலேயே ஒரு கருவி செய்து பார்க்கலாம். இரண்டு மெல்லிய மரப்பட்டைகள் வேண்டும். ஒன்றில் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். இன்னொன்று அகலப் பலகையின் முனையிலிருந்து குறுக்காக அறுத்தது, ஆகவே நார் குறுக்கே ஓடும். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பசையால் ஒட்டி, ஒரு முனையை மட்டும் பலகையில் பொருத்துங்கள். குறுக்கு நார்ப் பட்டை ஈரத்தில் நீளும், மற்றது நீளாது. ஆகவே முழுப் பட்டையும் வளையும். அதன் நுனி நகரும் தூரமே ஈரப்பதத்தின் அளவு. எண் குறிப்பதற்கும் வழி உண்டு. சமையல் உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சேறுபோல் குழைத்து, மூடிய டப்பாவில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் நிற்கும். ஆய்வுக்கூடங்களும் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கக் கையாளும் வழி இது. கருவியை உப்பு தொடாமல் அந்த டப்பாவில் சில நாள் வைத்து, நுனி நிற்கும் இடத்தில் 75 என்று கோடு போடுங்கள். பிறகு ஏர்கூலர் ஓடும் அறையில் ஓர் இடத்திலும், ஏசி அறையில் வேறோர் இடத்திலும் அது நிற்பதைப் பார்க்கலாம். ஒரே வீட்டில், ஒரே நாளில், இரண்டு பருவங்கள்.

இயற்கை இந்தக் கருவியை நமக்கு முன்பே செய்து வைத்திருக்கிறது. இமாசலத்துக்கும் உத்தராகண்டுக்கும் சுற்றுலா போனவர்கள் பொறுக்கி வரும் பைன் காய், வறண்ட காற்றில் செதில்களை விரிக்கிறது, நனைத்தால் மூடிக்கொள்கிறது. அதில் உயிர் இல்லை; மரத்திலிருந்து விழுந்து ஆண்டுகள் ஆனாலும் இது நடக்கும். ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்குகள் இருப்பதையும், அவற்றில் நுண்ணிழைகள் வெவ்வேறு கோணத்தில் ஓடுவதையும் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1997-இல் எடுத்துக்காட்டினார்கள். ஓர் அடுக்கு ஈரத்தில் நீள்கிறது, மற்றது நீள்வதில்லை. விதைகள் காய்ந்த நாளில் மட்டும் காற்றில் பறக்க வேண்டும் என்பதற்கு மரம் கண்ட ஏற்பாடு அது.

தச்சர்கள் கண்ட ஏற்பாடு வேறு. அவர்கள் அசைவைத் தடுக்கவில்லை. அதற்கு இடம் விட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கால் செய்த கதவுகளைப் பாருங்கள். சுற்றிலும் சட்டம், நடுவே பலகைகள். அழகுக்காகச் செய்த பிரிவு என்று தோன்றும். உண்மையில் சட்டங்கள் குறுகலானவை. பொளியும் கழுந்தும் போட்டு இறுக்கியவை. ஆகவே கதவின் மொத்த அளவு அதிகம் மாறாது. நடுப்பலகை அகலமானது, அதிகம் அசையும். அதைச் சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய காடிக்குள் பசையில்லாமல் வெறுமனே செருகி வைத்திருப்பார்கள். மழையில் பருத்தால் காடிக்குள் உள்ளே போகும், வெயிலில் சுருங்கினால் வெளியே வரும். கதவைப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய கதவுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கும்போது காடியின் ஓரத்தில் பெயின்டை வழியவிட்டு, பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த கோடையில் பலகை நடுவே பிளக்கும். அந்தப் பிளவுக்கு மரம் பொறுப்பல்ல.

ஒட்டுப்பலகை இதே சிக்கலுக்கு வேறொரு விடை. மெல்லிய அடுக்குகளை நாரின் திசை மாற்றி மாற்றி ஒட்டினால், ஒவ்வோர் அடுக்கின் அகலவாக்கு ஆட்டத்தையும் அடுத்த அடுக்கின் அசையாத நீளவாக்கு பிடித்துக்கொள்ளும். தில்லியின் கீர்த்தி நகர் மரச்சாமான் கடைகளில் அலமாரிகள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையில் ஆவதற்கு விலை மட்டும் காரணமல்ல.

பிடி கழன்ற சுத்தியலையும் கோடரியையும் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் தில்லியிலும் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. ஊறினால் பிடி இறுகும். ஆனால் அடுத்த வாரம் முன்னைவிடத் தளர்ந்திருக்கும். இரும்புக் கண்ணுக்குள் மாட்டிக்கொண்ட மரம் பருக்க முயல்கிறது. இரும்பு விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே உயிரணுச் சுவர்கள் நசுங்குகின்றன. காயும்போது மரம் நசுங்கிய அளவிலிருந்து சுருங்குவதால் பழைய பருமனுக்குக்கூட வருவதில்லை. ஒவ்வோர் ஊறலும் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைக்கிறது. கயிற்றுக் கட்டிலின் கால்கள் சில மழைக்காலங்களுக்குப் பிறகு ஆடுவதும் இதனால்தான். பிடியின் தலையில் ஒரு பிளவு போட்டு, உலர்ந்த கடினமரத்தில் ஆப்பு சீவி அடித்து இறுக்குவதே முறையான வைத்தியம்.

பாலிஷ் போட்டால் ஈரம் புகாது என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். அரக்கு மெருகோ, மெலமைனோ, பாலியூரித்தேனோ எதுவும் நீராவியை முழுக்கத் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கின்றன. மூன்று நாள் மழையை மரம் உணராமல் செய்யும். மூன்று மாத மழையை உணராமல் செய்யாது. இதில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. மேசையின் மேற்பரப்பில் மூன்று பூச்சு, அடிப்பரப்பு வெறும் மரம். அடிப்பக்கம் வேகமாகக் குடிக்கும், மேற்பக்கம் மெதுவாகக் குடிக்கும், பலகை குழிந்துபோகும். கண்ணில் படாத பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு வேண்டும்.

ஆகஸ்டில் இறுகிய கதவை ஆகஸ்டிலேயே இழைக்காதீர்கள். சாத்தவே முடியாவிட்டால் உரசும் இடத்தில் மெழுகு தேயுங்கள். அக்டோபர் கடைசிவரை பொறுங்கள். அப்போதும் உரசினால் மட்டும் இழைக்கச் சொல்லுங்கள். இழைத்த விளிம்புக்கு உடனே பூச்சும் போடச் சொல்லுங்கள். கீர்த்தி நகருக்கோ பஞ்ச்குயியான் சாலைக்கோ திடமான மரமேசை வாங்கப் போகிறவர்கள், மேற்பலகையின் பளபளப்பைத் தடவிப் பார்த்தது போதும், குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் இரு பக்கமும் இறுக்கி, பசையும் போட்டிருந்தால் அந்த மேசை தில்லியின் ஒரு கோடையைத் தாங்குவது சந்தேகம். திருகாணித் துளை நீள்வட்டமாக இருந்தாலோ, சட்டத்தின் காடிக்குள் நாக்கு நீட்டிய சிறு மரத்துண்டுகள் பலகையைப் பிடித்திருந்தாலோ, அதைச் செய்தவருக்கு மரம் தெரியும். விலை கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாலும் அவரிடமே வாங்குங்கள்.